உப்பிலியபுரத்துக்குப் போன வார்த்தை

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலருக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ் தெரியும். மைக் பிடிக்கவும் கூச்சமில்லாமல் மேடையில் நிற்கவும் தெரியும். அதையெல்லாம் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது. ஓய்வு பெற்றவளிடம் நீங்கள் கேட்டது அனுபவம். என் அனுபவத்தில் பாதி, வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் திறந்தது. வெட்கத்தை விட்டு அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி புத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, நோயாளி சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், டாக்டரம்மா சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு ஓ.பி. ஆரம்பித்தால் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வாய் மூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகையில் பெண்கள் கூட்டம் நடக்கும். அதிலும் டாக்டரம்மாதான் பேசுவார், நான்தான் மொழிபெயர்ப்பேன். ஆக, காலையில் வயிற்று வலியும் மாலையில் வேதமும் ஒரே வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லால்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மருமகள், சம்பந்தி, அறுப்பு, கோயில் திருவிழா என்று ஐந்து நிமிஷம் பேசினார். நான் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "வயிற்று வலி" என்று இரண்டே சொல்லில் முடித்தேன். டாக்டரம்மா பேனாவை மேசை மேல் வைத்துவிட்டார். "மிச்சம் எங்கே?" என்றார். வேண்டா வெறுப்பாக மிச்சத்தைச் சொன்னேன். அந்த மிச்சத்துக்குள்தான், சம்பந்தி வீட்டில் கொடுத்த ஏதோ நாட்டு மருந்தைப் பதினைந்து நாளாகச் சாப்பிட்டு வந்த சேதி இருந்தது. வலிக்குக் காரணமும் அதுதான். விட்டுச் சொல்லக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். சேர்த்துச் சொல்லக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷமும் ஒரு மனுஷருடைய உயிரும் பணயமாக வேண்டியிருந்தது.

அந்த மாதம் டாக்டரம்மா கூட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஆதித் திருச்சபையின் ஆவிக்குரிய வரங்கள். கொரிந்து பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தில் ஒரு பட்டியல் வருகிறது. ஞானம், அறிவு, விசுவாசம், குணமாக்குதல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், அந்நிய பாஷை பேசுதல். எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் போனால் போகிறது என்று மொழிபெயர்ப்பு.

கடைசியில் என்றாலும் என் தொழில் பட்டியலில் இருக்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அதோடு ஓர் ஆவல் தொற்றிக்கொண்டது. கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் இருந்த ஊர். கப்பல்காரர்களும் வியாபாரிகளும் வந்து போன இடம். அங்கே காசுக்கு மொழிபெயர்த்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் சபையில் உட்கார்ந்திருந்த அந்த ஒருவர் யார்? ஆணா, பெண்ணா? யாரோ எழுந்து எவருக்கும் புரியாத பாஷையில் பேசி அமர்ந்ததும், அவருக்கு மட்டும் எப்படிப் புரிந்தது? காதில் விழுந்ததா, நெஞ்சில் தோன்றியதா? தப்பாகச் சொன்னால் யார் கண்டுபிடித்தார்கள்? அப்போஸ்தலர் பேசுகிறவர்களுக்கு நிறைய விதி சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று பேருக்கு மேல் பேசக் கூடாது, ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும், மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் சபையில் மௌனமாக இருக்க வேண்டும். மொழிபெயர்க்கிறவருக்கு மட்டும் ஒரு விதியும் இல்லை. அதை எனக்குக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலை ஓ.பி.யில் உப்பிலியபுரத்திலிருந்து பெரியசாமி என்ற விவசாயி வந்திருந்தார். கூடவே அவர் மனைவி செல்லம்மா. பாரம் தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறங்கி, அடிவயிற்றில் புடைப்பாக மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அரை மணி நேரம் மெதுவாக அழுத்தி அதை உள்ளே தள்ளினார். வலி நின்றுவிட்டது. பிறகு என் வழியாகச் சொன்னார்: "இப்போதைக்குச் சரி. மறுபடி மாட்டினால் குடல் அழுகிவிடும், உயிருக்கே ஆபத்து. நாளைக் காலை ஆபரேஷன். அதுவரை இங்கேயே இருக்க வேண்டும்." செல்லம்மாவுக்குக் கத்தி என்றால் நடுக்கம். வலிதான் போய்விட்டதே என்று கெஞ்சினார். கடைசியில் மனசில்லாமல் ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த செல்லம்மாவை யாரோ கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை. எந்தச் சாமியானாலும் கும்பிட்டு வைப்போம் என்று மூன்றாவது வரிசையில் கையைக் கூப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன், நிறுத்துவேன். செக்கு மாடு சுற்றுகிற மாதிரி அது பழகிப்போயிருந்தது. அன்று அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் இருந்த தவமணி எழுந்தார். தவமணி எங்கள் வார்டு ஆயா. நாற்பது வயசு இருக்கும், படிப்பு கிடையாது, அதிர்ந்து பேசாதவர். பாலக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணை மூடி, கைகளை விரித்து, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில் பேசத் தொடங்கினார். சத்தம் போடவில்லை. யாருடனோ தனியாகப் பேசுகிற மாதிரி தணிந்த குரல். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அரை நிமிஷம் இருக்கும். பிறகு நிறுத்தினார்.

நிறுத்தினார் அல்லவா, அங்கேதான் கெட்டது. பேச்சு நின்றால் நான் பேச வேண்டும். இரண்டு வருஷப் பழக்கம். என் வாய் தானாகத் திறந்தது. கூட்டத்தைப் பார்த்து, கணீரென்று, வேதாகமத் தமிழில் சொன்னேன்:

"பயப்படாதே. உன் வீட்டுக்குப் போ. உனக்குச் சுகம் உண்டாயிற்று."

கொட்டகை முழுக்க ஒரே ஸ்தோத்திரம். கிழவிகள் எழுந்து வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? நான் யோசித்துச் சொல்லவில்லை, இது சத்தியம். யோசிக்காமல் வந்ததாலேயே அது மேலேயிருந்து வந்தது என்று முடிவு கட்டினேன். பட்டியலின் கடைசி வரம் எனக்குக் கிடைத்துவிட்டது. டாக்டரம்மா முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. "அந்த அம்மாள் பேசியது தமிழ் இல்லையே, நீ என்ன சொன்னாய்?" என்று கூட்டம் முடிந்ததும் கேட்டார். "ஓர் ஆறுதல் வார்த்தை" என்று சொல்லி நழுவிவிட்டேன். பாருங்கள், அங்கேயும் மிச்சத்தை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது என் நடையே வேறு. வராந்தாவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி, தன் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்று பெரிய மனுஷி தோரணையில் சொல்லிவிட்டு ரிக்கார்டு அறைக்குப் போனேன்.

ரிக்கார்டு அறைக் குமாஸ்தா ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், தோளில் துண்டு, உத்தர வீதியிலிருந்து தினமும் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

"எஸ்தரம்மா, ஒரு சந்தேகம், கேட்கலாமோ?" என்றார். "நேத்திக்கு அந்த ஆயா பேசின பாஷை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ எப்படித் தமிழ்ல சொன்னேள்?"

"அது வரம். விளக்கினா உங்களுக்குப் புரியாது."

"கோச்சுக்காதேங்கோ. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எங்க பெருமாள் சன்னிதியில அருளப்பாடுன்னு ஒண்ணு உண்டு. பெருமாளே கூப்பிடறதா, அவர் சார்பா ஒருத்தர் நின்னுண்டு, கைங்கர்யம் பண்றவாளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனா அவர் தன்னிஷ்டத்துக்கு ஒரு வார்த்தை சேர்த்துட முடியாது. பரம்பரையா எப்படியோ அப்படியேதான். மாத்தினா அங்கேயே நாலு பேர் கேட்டுடுவா. உங்க கூட்டத்துல அப்படிக் கேக்கறவா யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. கேட்க வேண்டும் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று அப்போஸ்தலர் எழுதியிருக்கிறார். எங்கள் கூட்டத்தில் அந்த வேலையை ஒருவரும் செய்யவில்லை. அதைச் செய்தவர் திருமண் இட்ட இந்தக் குமாஸ்தா. ஆனால் அதை ஒப்புக்கொள்ளுகிற மனசு அப்போது எனக்கு இல்லை. வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"எதுக்குக் கேட்டேன்னா, உப்பிலியபுரம் பெரியசாமி கார்த்தால முதல் பஸ்ஸுக்கே போயிட்டார். அந்தம்மா, தெய்வ வாக்கு ஆயிடுத்து, இனிமே கத்தி எதுக்குன்னு வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு அழைச்சுண்டு போயிட்டா. சீட்டுல என்ன எழுதறதுன்னு தெரியலை. 'டாக்டர் சொல்லைக் கேளாமல் போனார்'னு எழுதிடட்டுமா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. அகலமான வழி. கத்திக்குப் பயந்து ஓடுகிற நோயாளிகள் மாதத்துக்கு நாலு பேர் உண்டு. குமாஸ்தா எழுதப்போவதும் பொய்யில்லை. போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான்தானே நேற்றுக் காலை தெளிவாக மொழிபெயர்த்தேன். கூட்டத்தில் வந்த வார்த்தையோ என்னுடையது அல்ல என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவேளை அது மெய்யாகவே கடவுள் வார்த்தையாக இருந்தால், அந்த மனுஷர் குணமாகியே போயிருக்கலாமே. அப்படியும் ஒரு நினைப்பு ஓடியது.

அந்த நேரத்தில் ஓ.பி. வாசலில் ஒரு பையனைக் கூட்டிவந்த தாய், "டாக்டரம்மா என்னம்மா சொன்னாங்க?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்ட பையன். நான் அங்கே இல்லாததால் நர்ஸே சொன்னாள்: "பயப்படாம வீட்டுக்குப் போங்க, சரியாயிடும்."

 அது என் வாக்கியம். ஓ.பி.யில் டாக்டரம்மா தலையை அசைத்ததும் நான் சொல்லுகிற வாக்கியம். ஒரு காலைக்கு நாற்பது தடவை சொல்வேன், நர்ஸ்களுக்குக்கூட மனப்பாடம். அதற்குத்தான் நேற்று மாலை வேதாகமத் தமிழில் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறேன். தேவ வாக்கு என்று கொட்டகையே கும்பிட்டது என் ஓ.பி. பாட்டைத்தான். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"ஒண்ணும் எழுதாதீங்க" என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். "ஊர் விலாசத்தை மட்டும் கொடுங்க."

ஆபரேஷன் அறை வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை மிச்சம் வைக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மறுபடி மாட்டினால் ஒரு நாள்கூடத் தாங்காது" என்று மட்டும் சொன்னார். "இன்று உனக்குப் பதிலாக நான் எனக்குத் தெரிந்த தமிழில் சமாளிக்கிறேன். தவமணியையும் அழைத்துக்கொண்டு போ."

தவமணியை ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் ஒரு பக்கம் தெரிந்து மறைந்தது. கொள்ளிடமும் தாண்டிய பிறகு நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"தவமணி, நேத்து நீங்க என்ன பேசினீங்க?"

"தெரியாதுங்கம்மா. வாய்க்கு வந்துச்சு, பேசினேன். அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது."

"நான் சொன்னதுதான் அர்த்தம்னு நெனச்சீங்களா?"

அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நான் பேசறப்ப என் வயித்துக்குள்ள நன்றிதாங்க இருந்துச்சு. யாருக்கும் எதுவும் சொல்லணும்னு இல்ல. நீங்க சொன்னது, யாரையோ எழுந்து போகச் சொல்ற மாதிரி இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க படிச்சவங்க. நான் பெட்பேன் கழுவறவ." சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு கேட்டார்: "அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்நிய பாஷை பேசறவங்க யார்கிட்ட பேசறதா வேதத்துல எழுதியிருக்கு?"

எனக்கு அந்தப் பகுதி மனப்பாடம். "மனுஷங்ககிட்ட இல்ல. கடவுள்கிட்ட பேசறதாத்தான் எழுதியிருக்கு."

"நீங்க சொன்னது யார்கிட்டங்க?"

"ஜனங்ககிட்ட."

"அப்ப திசையே மாறிப்போச்சேங்கம்மா" என்றார் தவமணி.

ஒரு மாதமாகக் கொரிந்து சபையின் மொழிபெயர்ப்பாளரைப் பற்றி என்னென்னவோ கற்பனை செய்துகொண்டிருந்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. மேலே போகிற பேச்சை மொழிபெயர்த்தால் அதுவும் மேலேதான் போக வேண்டும். அது ஜெபமாகவோ நன்றியாகவோ இருக்கலாம். கட்டளையாக எப்படி இறங்கி வரும்? சொற்களின் அர்த்தம் தெரியாவிட்டாலும், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்திருந்தாலே என் தப்பு எனக்குப் பிடிபட்டிருக்கும். இன்றைக்கும் மேடை ஏறுகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

துறையூரில் பஸ் மாறி உப்பிலியபுரம் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பெரியசாமியின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை, வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் காட்டுக்கு எரு அடிக்க வேண்டும் என்று யாரிடமோ வண்டி பேசிக்கொண்டிருந்தார். அவர் எருக் கூடையைத் தலைக்குத் தூக்குவது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. செல்லம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காலில் விழப்போனார். நான் பிடித்து நிறுத்தினேன்.

"செல்லம்மா, நேத்து நான் சொன்னது சாமி வார்த்தை இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அவர் பதறுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"எங்க ஊர்லயும் சாமி வரும்மா. அருள் வந்து சொல்றவங்களுக்கு, சாமி மலையேறினப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. நான் சொல்லவேயில்லன்னுதான் சொல்வாங்க. நீங்களும் அப்படித்தான் சொல்றீங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆடிப்போனேன். நான் மறுக்க மறுக்க அது சாமி வாக்கு என்பது உறுதியாகிக்கொண்டே போனது. தவமணி தன் பங்குக்கு, "பேசினது நாந்தாங்க, நான் யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லல" என்றார். "உனக்கும் மலையேறிடுச்சு" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார். வண்டிக்காரர் காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று பெரியசாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. வேதத்தை எடுத்துப் பேசிப் பயனில்லை. கொரிந்துவும் அப்போஸ்தலரும் இந்த அம்மாவுக்கு என்ன? எனக்குத் தெரிந்த ஒரே இடம் ஓ.பி. அங்கேயே திரும்பினேன்.

"செல்லம்மா, நேத்து காலையில ஆஸ்பத்திரி பெஞ்சுல எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"உங்களுக்கு முன்னால கண்வலின்னு ஒரு அம்மா வந்தாங்களே. அவங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?"

அவர் யோசித்தார். "பயப்படாம வீட்டுக்குப் போங்க, சரியாயிடும்னு சொன்னீங்க."

"அதுக்கு முன்னால, கையில கட்டுப் போட்ட பையன்கிட்ட?"

"அதையேதான் சொன்னீங்க."

"அந்தக் கைப்பிள்ளைக்காரிகிட்ட?"

"அதேதான்." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாயில ஊறிப்போச்சு. அதுதான் சாயங்காலமும் வந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

செல்லம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்தான் சொன்னார்.

"வீட்டுக்குப் போகாதீங்கன்னு சொன்னீங்க."

 செல்லம்மா உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று வண்டிக்காரரிடம் கேட்டார். வழியெல்லாம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது நியாயம்தான். பஸ் குலுங்கும்போதெல்லாம் பெரியசாமியின் வயிற்றில் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பே இல்லை என்று மூன்றாம் நாள் பெரியசாமி சண்டை பிடித்தபோதுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஆனால் வியாழக்கிழமை இருந்தது. "நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். நீங்களே சொல்லுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். அடுத்தவர் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று ஒரு கணக்கு. கொட்டகையில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது என்று. நம் தொழிலில் 'நான்' என்றால் பேசுகிறவர். அப்படியானால் 'அவள்' யார்?

டாக்டரம்மா ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார். நான் சொன்னேன்: "போன வாரம் என் மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னாள்." அவர் அடுத்ததைச் சொன்னார். நான் சொன்னேன்: "அது கடவுளிடமிருந்து வரவில்லை. தவமணியிடமிருந்தும் வரவில்லை. அவளாகவே சொன்னாள்." நாக்கின் நுனியில் 'தெரியாமல்' என்று ஒரு சொல் வந்து நின்றது. டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. விழுங்கிக்கொண்டேன். "அதனால் ஒருவருடைய உயிர் ஆபத்தில் இருந்தது" என்பதையும் முழுசாகச் சொன்னேன். மகளுக்கு வரன் பார்த்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவிகள் தரையைப் பார்த்தார்கள். செல்லம்மா அதே மூன்றாவது வரிசையில் இருந்தார்.

அப்போது பின்வரிசையில் தவமணி எழுந்தார்.

அதே தணிந்த குரல், அதே விரித்த கைகள், எங்கள் யாருக்கும் தெரியாத அதே பாஷை. அரை நிமிஷம். பிறகு நிறுத்தினார். கொட்டகையே திரும்பி என்னைப் பார்த்தது.  பேச்சு நின்றிருக்கிறது, பேசு, பேசு என்று பழக்கம் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வாய்க்காலில் யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வரம் உண்டா, இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள், இன்றைக்கும் தெரியாது. கொரிந்துக்காரர் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்று என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

நான் பேசப்போவதில்லை என்று தெரிந்ததும் தவமணி கண்ணைத் திறந்தார். விரித்த கைகளை இறக்காமலே, நம் ஊர்த் தமிழில், மேலே பார்த்துச் சொன்னார்:

"அந்த அண்ணன் திரும்பி வந்ததுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. எஸ்தரம்மா இன்னிக்கு வாய மூடிக்கிட்டு நின்னதுக்கும் ஸ்தோத்திரம்."

முதலில் சிரித்தவர் செல்லம்மாதான். அப்புறம் கொட்டகையே சிரித்தது. டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் என் பக்கம் சாய்ந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.